பழைய ஏசி கம்ப்ரசர்: போல்ட் சேர்ந்தால் மட்டும் போதுமா?

சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் உதிரிபாகக் கடைகளில் ஏசி கம்ப்ரசர்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அலுமினிய உடல், முன்னால் புல்லி, பின்னால் கேஸ் போகவும் வரவும் இரண்டு துளைகள். வண்டியிலிருந்து கழற்றியதைப் பக்கத்தில் வைத்து, போல்ட் ஓட்டைகள் சேர்கின்றனவா என்று பார்த்து வாங்கிப்போகிறவர்கள் நிறைய. ஆனால், வாங்கியது உழைக்குமா என்பது வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: அது எவ்வளவு கேஸைத் தள்ளுகிறது, எந்த ஆயிலில் ஓடுகிறது, எந்தக் கட்டளைக்கு இயங்குகிறது.

காருக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயிருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த வெப்பத்தை 40 டிகிரி வெயிலில் வெளியே விட வேண்டுமென்றால், முன்புறக் கண்டன்சர் வெயிலைவிடச் சூடாக இருந்தாக வேண்டும். ஆவியை அமுக்கினால்தான் அது நடக்கும். கார் ஏசியில் ஓடும் ஆர்-134ஏ என்ற கேஸ் 0 டிகிரியில் சுமார் 3 பார் அழுத்தத்தில் கொதிக்கிறது. 60 டிகிரியில் திரவமாக ஏறக்குறைய 17 பார் வேண்டும். இந்த ஆறு மடங்கு ஏற்றத்தைத் தருவதுதான் கம்ப்ரசரின் வேலை.

பெரும்பாலான கம்ப்ரசர்களில் தண்டோடு சேர்ந்து ஒரு சாய்ந்த தட்டு இருக்கிறது. சாய்த்துப் பிடித்த தாம்பாளத்தைச் சுழற்றினால் அதன் விளிம்பு மேலும் கீழும் போவதுபோல, இந்தத் தட்டின் விளிம்பு பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஒரு சுற்றில் தள்ளும் அளவு மாடலுக்கு மாடல் மாறும். சாண்டன் நிறுவனத்தின் எஸ்டி7எச்15 என்றால் 7 சிலிண்டர், சுமார் 155 சிசி. சிறிய காருக்குப் பெரிய கம்ப்ரசரை மாட்டினால் கூலிங் அதிகமாகக் கிடைக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது காயிலை மிகையாக உறிஞ்சி, காயிலில் பனி பிடிக்க வைக்கும். புல்லியைத் தண்டோடு சேர்த்துப் பிரிக்கும் கிளட்ச் ஓயாமல் விழுந்து எழும்.

சாய்வுக் கோணமே மாறும் வகையும் உண்டு. சிலவற்றில் உள்ளேயிருக்கும் வால்வே அழுத்தம் பார்த்துக் கோணத்தை மாற்றும். வேறு சிலவற்றில் காரின் கணினி மின்துடிப்புகளை அனுப்பி மாற்றுகிறது. இவற்றில் பலவற்றுக்கு கிளட்சே கிடையாது, புல்லியோடு தண்டும் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்ச் உள்ள வகையிலும் இல்லாத வகையிலும் இரண்டு ஒயர் பிளக் வரலாம். ஒன்றில் அது கிளட்ச் காயிலுக்கு, 3 அல்லது 4 ஆம்பியர் இழுக்கும். மற்றொன்றில் கட்டுப்பாட்டு வால்வுக்கு, ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். பிளக் பொருந்துகிறது என்று மாட்டிவிடக் கூடாது. ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும்கூடக் கம்ப்ரசர் மாறும் என்பதால், லேபிளில் உள்ள பாகஎண்தான் முதல் சாட்சி. பிறகு புல்லியின் விட்டம், பெல்ட் பள்ளங்களின் எண்ணிக்கை, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பது.

ஆயில் விஷயத்தில்தான் அதிகப் பணம் பாழாகிறது. காரின் கம்ப்ரசரில் ஆயில் கேஸோடு கரைந்து முழுச் சுற்றையும் சுற்றி வருகிறது. ஆர்-12 என்ற பழைய கேஸ் ஓடிய வண்டிகளில் இருந்தது கனிம எண்ணெய். அது ஆர்-134ஏ கேஸில் கரையாது. கூலிங் காயிலிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் வறண்டு தேயும். ஆர்-134ஏ வண்டிகளுக்குப் பொதுவாக பிஏஜி என்ற செயற்கை ஆயில். அதிலும் 46, 100, 150 எனப் பாகுநிலை வேறுபடும். பிஏஜி காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். எனவே மூடியில்லாமல் நெடுநாள் கடையில் கிடந்த கம்ப்ரசர், வெளியே எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம்.

கடையில் நிற்கும்போதே சிலவற்றைப் பார்க்கலாம். புல்லியை அல்ல, நடுவில் உள்ள கிளட்ச் தட்டைக் கையால் சுற்றுங்கள். எங்கும் சிக்காமல் சீராகத் திரும்ப வேண்டும். துளையில் கட்டைவிரலை வைத்தால் காற்றின் தள்ளல் தெரிய வேண்டும். ஆனால் கோணம் மாறும் வகையில் நல்ல கம்ப்ரசர்கூட இந்தச் சோதனையில் மந்தமாகத் தெரியும். சாய்த்து, வரும் ஆயிலை வெள்ளைத் துணியில் விடுங்கள். வெள்ளித் துகள் மின்னினாலோ கறுத்திருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சீல் போய்விட்டது.

வண்டியில் முன்பு இருந்த கம்ப்ரசர் ஜாம் ஆகித்தான் செத்தது என்றால், அதன் உலோகத்தூள் கண்டன்சருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைய கண்டன்சர்களின் மெல்லிய குழல்களை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது. கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் கூலிங் காயிலுக்கு விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு மூன்றையும் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அவற்றை மாற்றாமல் மாட்டும் கம்ப்ரசரை அதே தூள் மறுபடி தின்றுவிடும்.

ஹைபிரிட் காரின் மின்சாரக் கம்ப்ரசர் தனி இனம். மோட்டார் சுருள் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், பெரும்பாலும் மின்காப்பு நல்ல பிஓஇ என்ற வேறொரு செயற்கை ஆயில்தான் ஊற்ற வேண்டும். கொஞ்சம் பிஏஜி கலந்தாலும் மின்கசிவு வந்து வண்டியே நின்றுபோகலாம். வேலையும் உயர் அழுத்த மின்சாரம் அறிந்தவருடையது.

சரியானது கிடைத்துவிட்டால், ஆயிலை அளந்து ஊற்றி, மாட்டும் முன் தண்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சிலிண்டரில் தேங்கிய ஆயில் அமுங்காது, அப்படியே ஓடவிட்டால் வால்வு உடையும். பிறகு வேக்கம் போட்டு ஈரத்தை எடுத்து, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்றிருக்கிறதோ அத்தனை கிராம் கேஸை எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள்.