செயற்கைக் கருவூட்டல்: நாய்க்கு ஊட்டுவது கருவையா, விந்தையா?

நாய் இனவிருத்தி செய்பவர்கள் இதைச் சுருக்கமாக ‘ஏ.ஐ.’ என்பார்கள். (செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தச் சுருக்கம் படுகிற பாடு தனிக்கதை.) பாடநூலில் ‘செயற்கைக் கருவூட்டல்’. மாடு வளர்ப்பவர் பேச்சில் ‘சினை ஊசி’. இதில் ஊசி எதுவும் குத்தப்படுவதில்லை. ஆண் நாயிடமிருந்து எடுத்த விந்தை, இணைசேர விடாமல், மெல்லிய நீண்ட குழாய் வழியாகப் பெட்டையின் கருப்பாதைக்குள் செலுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இது ‘ஆர்ட்டிஃபீசியல் இன்செமினேஷன்’. லத்தீனில் ‘செமென்’ என்றால் விதை. ‘இன்செமினாரே’ என்றால் விதைத்தல். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதற்கு விதைப்பு என்றுதான் பொருள். விதைத்தது முளைத்ததா இல்லையா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை.

தமிழில் நாம் அமைத்துக்கொண்ட சொல் ஒரு படி முந்திக்கொள்கிறது. உண் என்பதன் பிறவினை ஊட்டு. நிறமூட்டு, உரமூட்டு, உயிரூட்டு என்று எங்கு வந்தாலும், முன்னால் நிற்கும் பொருளை உள்ளே சேர்ப்பதையே அது குறிக்கும். அப்படிப் பார்த்தால் கருவூட்டல் என்பது கருவையே உள்ளே வைப்பது. குழாயில் போவதோ விந்து மட்டும். கரு பிறகுதான் உருவாக வேண்டும், உருவாகாமலும் போகலாம். ‘சினைப்படுத்தல்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல்: சினை பிடிக்காத நாயையும் ‘சினைப்படுத்தியாயிற்று’ என்று எழுத வேண்டிவரும்.

மற்ற விலங்குகளில் இது சொல்லாராய்ச்சிக்காரர் சண்டை என்று விட்டுவிடலாம். நாயில் விடமுடியாது. பெட்டையின் கருமுட்டை வெளிப்படும்போது முதிர்ந்திருப்பதில்லை. முதிர ஏறத்தாழ 2 நாள் ஆகும். இயல்பாக எடுத்த புது விந்தின் உயிரணுக்கள் உள்ளே 5 நாள்கூடக் காத்திருக்கும். ஆக, விந்து போய்ச் சேர்ந்த நாள் ஒன்று, கரு உண்டான நாள் வேறு. −196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் உறையவைத்த விந்தோ, உருக்கியபின் ஒரு நாள் தாங்கினால் அதிகம். அதனால்தான் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்து, முட்டை முதிரும் நேரம் பார்த்து, பெரும்பாலும் கருப்பைக்குள்ளேயே செலுத்துகிறார்கள். இரண்டு நிகழ்வையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாள் கணக்கு உதைக்கும்.

இந்த முறைக்கே நாய்தான் முன்னோடி. 1780 வாக்கில் இத்தாலிய அறிஞர் லாசரோ ஸ்பல்லான்சானி ஒரு பெட்டை நாயைத் தனியே அடைத்துவைத்து, உடற்சூட்டிலேயே வைத்திருந்த பீச்சுக்குழலால் விந்தைச் செலுத்தினார். 62ஆம் நாள் 3 குட்டிகள். தாயின் சாயல் மட்டுமல்ல, விந்து கொடுத்த நாயின் சாயலும் அவற்றில் இருந்தது. உறைவிந்தில் குட்டி பிறந்த செய்தி வர 1969 ஆயிற்று.

சரியான தமிழ்ச் சொல்தான் என்ன? தாவரவியல் தமிழில் இந்தத் தெளிவு ஏற்கெனவே இருக்கிறது. மகரந்தம் சூல்முடியில் விழுவது மகரந்தச் சேர்க்கை; அதன்பின் நடப்பது கருவுறுதல். யாரும் இரண்டையும் குழப்புவதில்லை. அதே வழியில் இங்கே ‘செயற்கை விந்தேற்றல்’ என்பதே பொருந்தும் என்பது என் கட்சி. விந்து வடமொழியின் ‘பிந்து’, அதாவது துளி; இதற்குத் தமிழில் வேரூன்றிவிட்ட சொல். ‘விந்தூட்டல்’ என்றாலும் தவறில்லை, காதுக்குத்தான் கொஞ்சம் இடறுகிறது. ‘செயற்கை’ என்ற அடைமொழி செலுத்தும் முறைக்கு மட்டுமே உரியது. விந்தும் முட்டையும் குட்டியும் இயற்கைதான்.

பழகிப்போன கருவூட்டலைப் பொதுப்பேச்சிலிருந்து விரட்ட வேண்டாம். இனவிருத்திக் குறிப்பேட்டில் மட்டும் ‘விந்தேற்றிய நாள்’, ‘முட்டை வெளிப்பட்ட நாள்’ என்று இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளலாம். குட்டி போடும் நாளுக்கான 63 நாள் கணக்கு இரண்டாவது கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது.