கம்பம் போய் வந்ததைச் சொல்லுங்கள்

மாசி பிறந்தால் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு தெருக்களில் வேன் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள், பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சை வருவதற்குள், கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு நடை போய் வந்துவிட வேண்டும். சுருளி அருவியில் குளியல், அப்புறம் திராட்சைத் தோட்டம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே வருடம் முழுக்கக் காய்க்கிறது. லாரிப் புகையில் வளரும் எங்கள் பகுதிப் பிள்ளைகள், தலைக்கு மேலே பந்தலில் குலை குலையாகத் தொங்குவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். போய் வாருங்கள். திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், போய் வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒருமுறை சுமைத் தொழிலாளி ஒருவர் ஆறு நாள் காய்ச்சலோடு வந்தார். தாங்க முடியாத தலைவலி, உடம்பெல்லாம் வலி. ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தன, டெங்கு பரிசோதனையிலோ ஒன்றுமில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று நாள் ஓடியிருந்தது. “வெளியூர் எங்கேயாவது போனீங்களா?” என்று கேட்டேன். “எங்கேயும் போகல டாக்டர், வேலை, வீடு அவ்ளோதான்” என்றார். பக்கத்தில் இருந்த மனைவிதான், “கம்பம் போனோமே, ரெண்டு வாரம் இருக்கும்ல?” என்றார். சட்டையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பில், பெல்ட் அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்பாக ஒரு பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அது உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்போம். மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருகிறது. எலி நடமாடும் வரப்பு, வாய்க்கால் ஓரம், முட்புதர், இவைதான் அதன் இடம். தோட்டத்துக்குப் போனால்தான் வரும் என்றும் இல்லை. சென்னையிலேயே புதர் மண்டிய காலி மனையிலும் வரலாம். கடித்த 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் ஊர் போய் வந்ததே மறந்துபோகிறது. வடசென்னையில் காய்ச்சல் என்றால் எங்களுக்கும் மலேரியா, டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் யோசனை ஓடும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது, நாமாக வாங்கிப் போடும் மாத்திரைகள். செஃபிக்ஸிம், அமாக்ஸிசிலின் எதுவும் இந்தக் கிருமியிடம் செல்லாது. நாள்தான் வீணாகும். இரண்டாவது வாரத்தில் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பாதிக்கத் தொடங்கினால் ஐசியூ வரை போகும். சரியான மருந்தான டாக்ஸிசைக்ளின் விலை மிகக் குறைவு; நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் கொடுப்போம். எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

திராட்சையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பழத்தின்மேல் சாம்பல் பூத்ததுபோல் இருப்பது இயற்கையான மெழுகு. நீலத் திட்டாக இருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்தாக இருக்கலாம். கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று தோட்டக்காரரையே கேளுங்கள். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவாமல் வாயில் போடாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுப் பழம் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கொட்டையை எடுத்து, நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

தோட்டத்தில் நடக்கும்போது முழுக்கால் சட்டையும் ஷூவும் போதும். புல்லில் துண்டை விரித்துப் படுக்க வேண்டாம், துணியைப் புதர்மேல் காயப்போடவும் வேண்டாம். அன்று இரவே, எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டுவிடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் பிள்ளையின் காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டும் இடம் எல்லாம் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கருப்புப் பொருக்கு தெரிந்தால் கிள்ளாமல் அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள். தெரியாவிட்டாலும் வாருங்கள், பலருக்கு அது வருவதே இல்லை.