முடிக்காத புத்தகத்துக்கு அபராதம் கிடையாது

"இன்னொரு தடவை புதுப்பிச்சுக் குடுங்க சார், பாதிகூடத் தாண்டல." இந்த வாரமும் எங்கள் நூலகத்தில் ஒருவர் தடித்த சரித்திர நாவலை நீட்டினார். எழுபதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் செருகியிருந்தது. போன தடவையும் அங்கேதான் இருந்தது. பிடிக்கலையா என்று கேட்டால், "எடுத்தாச்சே சார், முடிக்காம எப்படி?" இதன் அடுத்த கட்டம் எங்களுக்கு மனப்பாடம். புத்தகம் திரும்பி வரும், ஆள் வரமாட்டார்.

நூலகத்தில் எந்தத் தடித்த புத்தகத்தையாவது மூடிவைத்து, தாள்களின் வெளிவிளிம்பைப் பாருங்கள். முதல் கால்வாசி கைபட்டுக் கறுத்திருக்கும், மிச்சமெல்லாம் வெள்ளை. எத்தனையோ பேர் அங்கேயே நின்றிருக்கிறார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பாதியில் விட்டால் ஒழுக்கக் குறைவாம். யார் சொன்னது? பரீட்சைக்குப் படிக்கிறீர்களா, சரி, முடியுங்கள். ஆசைக்குப் படிப்பதில் முடிக்கிற கடமை எங்கிருந்து வந்தது? காசு போட்டு வாங்கினேனே என்பார்கள். அந்தக் காசு வாங்கிய அன்றே போய்விட்டது, கடைசிப் பக்கம்வரை போனாலும் திரும்பாது. 1985-ல் ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான், கொடுத்த காசுதான் இழுத்துக்கொண்டு வந்தது. புத்தகக் காட்சியில் வாங்கி வந்த கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

நூலகங்களுக்கென்று நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் 1931-ல் வந்தன. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்கிறது. எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்று அவர் ஆறாவது விதி எழுதவில்லை.

சரி, எப்போது விடுவது? நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொல்லும் அளவு எளிது. ஐம்பது பக்கம் படியுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம்: அறுபத்தைந்து என்றால் முப்பத்தைந்து பக்கம் போதும். ஆனால் நம் புத்தகங்களில் பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை என்று இருபது பக்கம் ஓடிவிடும். அதையெல்லாம் எண்ணாதீர்கள், முதல் அத்தியாயத்திலிருந்து எண்ணுங்கள். (அணிந்துரையிலேயே சோர்ந்து போனவர்கள் அதைத் தாண்டிப் போகலாம். கதை பல நேரம் அங்கே அம்பலமாகிவிடும் என்பது வேறு விஷயம்.)

விடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: கோளாறு புத்தகத்திலா, படிக்கிற நேரத்திலா? ராத்திரி பதினொரு மணிக்குக் கண் சொக்கும்போது எந்தப் புத்தகமும் மொக்கைதான், காலையில் பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். வட்டார வழக்கில் எழுதிய நாவலா? இரண்டு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள், காது பழகினால் கண் தானே ஓடும். ரஷ்ய நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும், ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வாக்கியமே சிக்கினால் மொழிபெயர்ப்பு காரணமாக இருக்கலாம், வேறு மொழிபெயர்ப்பு உண்டா என்று கேளுங்கள். சிறுகதைத் தொகுப்பை முதல் கதையோடு மூடாதீர்கள், தலைப்புக் கதையையும் நடுவில் ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இதற்குப் பிறகும் மூன்று நாள் புத்தகத்தைத் தொடத் தோன்றவில்லை, அடுத்து என்ன ஆகிறது என்ற கேள்வியே மனதில் இல்லை என்றால் மூடிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு விடுவதும் குற்றமில்லை.

பெற்றோர்களே, உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். "இதை முடிச்சாதான் அடுத்தது" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அதுவாக எடுத்த புத்தகத்தை அதுவாகக் கீழே வைக்கட்டும்.

விடுகிறவர்களுக்கு: பக்க மூலையை மடிக்காதீர்கள், எண்ணை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு வருஷம் கழித்துத் திரும்ப எடுக்கத் தோன்றலாம். தவணைத் தேதிவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள், இன்னொருவர் அதற்காகக் காத்திருப்பார். கொடுக்கும்போது "நல்லால்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வர்ணனை நீளமா, சண்டை அதிகமா, நடை ஒட்டவில்லையா, எது என்று சொன்னால்தான் அடுத்து எந்த அலமாரிக்குக் கூட்டிப்போவது என்று எங்களுக்குத் தெரியும்.