ஒழுகுதா, வேர்க்குதா?

கேரவன் என்றாலே நம் ஊரில் முதலில் ஞாபகத்துக்கு வருவது சினிமாக்காரர்கள்தான். இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சொந்தமாக ஒன்று வைத்திருப்பவர்களை அங்கங்கே பார்க்க முடிகிறது. நடிகர்கள் வைத்திருக்கும் பேருந்து அளவு வண்டி அல்ல. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஒன்றை எடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய குட்டி வீடு. வாங்கிய புதிதில் மைலேஜ், ஏசி, சோலார் பேனல் என்று பேசுகிறவர்கள், நாலைந்து தடவை மலைக்குப் போய்வந்த பிறகு பேசுவது வேறு. மெத்தையைத் தூக்கினால் அடியில் ஈரம், பிளைவுட் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை, கதவைத் திறந்ததும் ஒரு வாடை. இத்தனைக்கும் அன்றிரவு மழையே பெய்திருக்காது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், கூரை மேல் இன்னொரு சுற்று சிலிகான் பூசி அனுப்பிவிடுவார்கள். அடுத்த பயணத்திலும் அதே ஈரம். விவரமான பட்டறைக்காரர் சிலிகானைத் தொடுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வியே வேறு: “ஏனுங்ண்ணா, வண்டி ஒழுகுதுங்களா, வேர்க்குதுங்களா?” வெளியிலிருந்து நீர் புகுந்தால் ஒழுகல். உள்ளேயிருக்கும் ஆவியே குளிர்ந்த இடத்தில் நீராகப் படிந்தால் வேர்வை.

கரூர் பேருந்துக்குப் பாடி கட்டுவதில் பேர்போன ஊர். சட்டம் வளையாமல், தகடு ஆடாமல் கட்டும் கை அங்கே இருக்கிறது. ஆனால் சாதாரணப் பேருந்தில் யாரும் ஜன்னலைச் சாத்திவிட்டு எட்டு மணி நேரம் தூங்குவதில்லை. படுக்கைப் பேருந்தில் தூங்குகிறார்கள், சரி. அங்கே இரவு முழுக்க ஏசி ஓடி, காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே ஊற்றிக்கொண்டே வரும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏசியும் இல்லாமல், தகரப் பெட்டிக்குள் இரண்டு பேர் விடிய விடிய மூச்சு விட்டுக்கொண்டிருப்பது பேருந்துக் கட்டுமானம் சந்திக்காத நிலைமை.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை ஆவியாக வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: அரை லிட்டருக்கு மேல். நான்கு மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், வண்டிக்குள் இருப்பது ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று. வீட்டுப் படுக்கையறையில் இதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். அதோடு வீட்டுச் சுவரின் செங்கல்லும் பூச்சும் கொஞ்சம் ஈரத்தைக் குடித்துப் பகலில் விட்டுவிடும். வண்டியின் தகடும் லேமினேட்டும் ஒரு சொட்டுகூடக் குடிக்காது.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராம்தான். அதற்கு மேலிருக்கும் ஆவி, எந்தப் பரப்பு மிகவும் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்த் தண்ணீராக ஒட்டிக்கொள்ளும். இப்போது வண்டியை ஊட்டியில் நிறுத்துங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. ஆக, கீழே சட்டை நனைய வியர்த்த அதே நாள் இரவு, மேலே வண்டியின் தகடு பத்து டிகிரிக்கும் கீழே போயிருக்கும். 10 டிகிரியில் அந்த 12 கன மீட்டர் காற்று மொத்தமாகத் தாங்குவது 110 கிராம் சொச்சம். உள்ளே வருவதோ 600 கிராமுக்கு மேல். மிச்சத்தில் எது வெளியேறவில்லையோ, அதெல்லாம் தகட்டிலும் கண்ணாடியிலும் மெத்தையின் அடிப்பக்கத்திலும்தான் இருக்கும். மெத்தையின் மேல்புறம் உடம்புச் சூட்டில் காய்ந்திருக்கும். அடியில் இருக்கும் பலகை குளிர்ந்திருப்பதால் ஆவி மெத்தையை ஊடுருவிப் போய் அங்கே நீராகும். பலகையில் நெருக்கமாகத் துளை போடுவது, அல்லது சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு அடிப்பது இதற்காகத்தான். அழகுக்கு அல்ல.

தகட்டுக்கு உட்புறம் என்ன வைத்து அடைத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பலர் பணம் மிச்சம் என்று தெர்மோகோல் அட்டையை வெட்டிச் சொருகிவிடுகிறார்கள், அல்லது கண்ணாடிப் பஞ்சை அடைக்கிறார்கள். வேன் தகடு வீட்டுச் சுவர் மாதிரி நேராக இருப்பதில்லை. மேடும் பள்ளமுமாக, நடுநடுவே இரும்பு விலா எலும்புகளோடு இருக்கும். அட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் விடுபடும் சந்துக்குள் ஈரக்காற்று நுழைந்து தகட்டைத் தொட்டதும் நீராகிவிடும். கண்ணாடிப் பஞ்சு அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வரும். மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோமைத் தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால் ஆவி தகட்டைத் தொடவே வழியில்லை. அந்த இரும்பு விலாக்களையும் போர்த்த வேண்டும். இரும்பு, நல்ல ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தக்கூடியது. ஒரே ஒரு விலா வெறுமனே இருந்தால், காலையில் அந்தக் கோட்டில் மட்டும் வரிசையாகத் துளி நிற்கும். வண்டி வாங்கப் போகிறவர்கள் உட்கூரைத் துணியில் நேர்கோட்டில் கறை தெரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

எவ்வளவு போர்த்தினாலும் உள்ளே உண்டாகும் ஆவி போக வழி வேண்டும். ஊட்டி இரவில் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு ஏழு, ஏழரை கிராம் நீராவி இருக்கிறது என்று கொள்வோம். உள்ளே அதைப் பத்து கிராமில் நிறுத்த மணிக்கு முப்பது கன மீட்டர் காற்று மாறினால் போதும். மேற்கூரையில் பொருத்தும் 12 வோல்ட் விசிறி மிக மெதுவாகச் சுற்றினாலே இது நடந்துவிடும். கூடவே கீழ்ப்பக்கம் ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்க வேண்டும். குளிருது என்று எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துகிறவர்கள்தான் காலையில் கூரையைத் துடைக்கிறார்கள்.

சமையல் வேறு இருக்கிறது. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் சுமார் ஒன்றரை கிலோ நீராவி பிறக்கிறது, குழம்பு கொதிக்கும் ஆவி தனி. அதனால்தான் சிலர் இன்டக்ஷனுக்கு மாறுகிறார்கள். ஆனால் 1,800 வாட் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓட்ட 150 ஆம்பியர் இழுக்கும். கட்டை விரல் தடிமன் கேபிளும் தரமான இன்வெர்ட்டரும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது. தீ எரியும் அடுப்பு எதுவானாலும், குளிருக்காக மூடிய வண்டிக்குள் எரிய விட்டுத் தூங்குவது உயிரை எடுக்கும் வேலை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனி உண்மையிலேயே ஒழுகும் வண்டி. சித்திரை வெயிலில் கூரைத் தகடு எழுபது டிகிரியைத் தொடும். அன்று மாலையே கோடை மழை கொட்டினால் 25க்கு இறங்கும். இந்த 45 டிகிரி மாற்றத்தில் நான்கு மீட்டர் இரும்பு இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் நீண்டு சுருங்கும், அதே நீள அலுமினியம் நான்கு மில்லிமீட்டர். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து ஒட்டியிருந்தால், இந்த வித்தியாசத்தையெல்லாம் நடுவிலிருக்கும் சீலன்ட், அதாவது மூட்டை அடைக்கும் பசை, தாங்க வேண்டும். தினம் இழுபட்டு இழுபட்டு அது ஒருநாள் ஓரத்தில் விட்டுவிடும். பாலியூரித்தேன் வகை இந்த வேலைக்கு நன்றாக நீண்டு கொடுக்கும். சிலிகானில் இன்னொரு சங்கடம்: பழைய சிலிகானின் மேல் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, புதுச் சிலிகான் உட்பட. பழையதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசுவது காசுக்குப் பிடித்த கேடு.

வாட்டர் வாஷில் சொட்டாத வண்டி, ஓட்டும்போது ஒழுகும். இதைப் பலர் நம்புவதில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் முகப்பில் மோதும் காற்றின் அழுத்தம், 30 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். அவ்வளவு உந்தல் இருந்தால் மழைநீர் மேடேறிக்கூட உள்ளே போகும். போன நீர் சட்டத்துக்குள் ஓடி, புகுந்த இடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சொட்டும். சொட்டும் இடத்தில் பூசிப் பயனில்லை. ஓட்டையைக் கண்டுபிடிக்க நல்ல வழி, ப்ளோயரால் வண்டிக்குள் லேசாகக் காற்றடித்துவிட்டு வெளிப்புற மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவுவது. பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்க்கிற மாதிரி, குமிழி வரும் இடம்தான் ஓட்டை. இதற்கும் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. உள்ளே நன்றாகக் காயவைத்து, யாரும் படுக்காமல் மழையில் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் ஈரமிருந்தால் ஒழுகல். காய்ந்திருந்து, ஆள் படுத்த இரவில் மட்டும் ஈரமென்றால் வேர்வை. கூரை ஏசிக்கும் விசிறிக்கும் வெட்டிய ஓட்டைகள்தான் பெரும்பாலும் குற்றவாளி. என்னைக் கேட்டால், சின்ன வண்டிக்குக் கூரையில் ஓட்டை எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

மலையை விட்டு இறங்கினால் பிரச்சினை தலைகீழ். நண்பகல் வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். எட்டு சதுர மீட்டர் கூரை என்றால் எட்டு கிலோவாட் மேலே விழுகிறது. வெள்ளைக் கூரை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்புக் கூரை ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஸ்டைலுக்காகக் கரும்பச்சை அடித்துவிட்டு ஏசி போதவில்லை என்பவர்களிடம் என்ன சொல்வது? ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட் தின்னும். 12 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் மொத்தமாக இருப்பதே இரண்டரை யூனிட். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் பேட்டரி ஆயுள் போய்விடும். 400 வாட் சோலார் பேனல் ஒருநாள் முழுக்கக் கொடுப்பது ஒன்றரை, இரண்டு யூனிட். இரவு முழுக்க ஏசி என்பது மின் இணைப்பு கிடைக்கும் இடத்தில்தான்.

கரூர், தாராபுரம் பக்கத்து வறண்ட கோடைக்கு ஏர் கூலர் மோசமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் கூலர், ஒரு சின்ன விசிறிக்கான கரண்டிலேயே அத்தனை குளிர்ச்சி தரும். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதே கூலரை வால்பாறையில் ஓட்டினால் ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்றில் எதை ஆவியாக்குவது?

தொட்டியில் இருக்கும் தண்ணீருக்கும் குணம் உண்டு, அதன் எடை. நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. கழிப்பறை பின்னால் இருக்கிறது என்று தொட்டியையும் பின்னாலேயே வைத்துவிடுகிறார்கள். பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் 150 கிலோ ஏற்றினால், இரண்டு அச்சுக்கும் இடையே 3.35 மீட்டர் உள்ள வண்டியில் பின் அச்சின் மேல் கூடுவது 150 அல்ல, 204 கிலோ. முன் சக்கரங்களில் 54 கிலோ குறையும். நெம்புகோல் விதிதான். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது முன்பக்கம் இன்னும் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளர்ந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாதி நிறைந்த தொட்டி இன்னும் மோசம், ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் மோதும். தண்ணீர் லாரிக்குள் தடுப்புத் தகடு வைப்பது எதற்காகவோ, அதற்காகவே இங்கும் வேண்டும்.

அந்த வாடை? வீட்டில் சிங்குக்கு அடியிலிருக்கும் வளைந்த குழாயில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தைத் தடுக்கிறது. வண்டி குலுங்கி ஓடும்போது அந்த நீர் தளும்பிப் போய்விடும். பிறகு கழிவுத் தொட்டிக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நீரில்லாமல் ரப்பர் நாக்கால் மூடிக்கொள்ளும் வால்வு போட்டால் தீரும். கழற்றி எடுக்கும் பெட்டிக் கழிப்பறை பெரும்பாலும் இருபது லிட்டருக்குள்தான் பிடிக்கும், இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கினால் அதிகம். அதைக் கொட்ட முறையான இடம் நம் பக்கம் அபூர்வம் என்பதால், அவசரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்கையும் தங்கும் விடுதியையும் நம்புகிறவர்களே புத்திசாலிகள்.

பழைய வேனை வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று இறங்குவதற்கு முன் ஆர்டிஓ விஷயத்தை முடித்துக்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தர விதியும் இருக்கிறது. கட்டித் தருகிறவர் அந்தப் பெயரைக் கேட்டு முழித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

கட்டி முடித்த வண்டியை எடுக்கும்போது தொட்டியை நிரப்பி, சிலிண்டர், துணிமணி, ஆட்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு நேராக எடை மேடைக்குப் போங்கள். பருத்தியும் தேங்காயும் விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. இரண்டையும் அந்தந்த அச்சுக்கு வண்டிக் கம்பெனி சொல்லியிருக்கும் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.