ஞானப்பல் உருவாகாமை: சொல்லும் பொருளும்

“எனக்கு ஞானப்பல் முளைக்கவில்லை” என்று மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒருவர் சொன்னால், அதற்கு இரண்டு பொருள் உண்டு. பல் தாடை எலும்புக்குள் சிக்கிக் கிடக்கலாம். அல்லது அப்படியொரு பல் உருவாகவே இல்லாமல் இருக்கலாம். முன்னது பிற்காலத்தில் வீக்கமும் வலியும் தரக்கூடும். பின்னதில் பிடுங்க எதுவுமில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் எதுவென்று தெரியும். இவ்வளவு வேறுபட்ட இரு நிலைகளை ஒரே சொல்லில் அடக்குவது தவறு என்றே நினைக்கிறேன்.

பின்னதைப் பல் மருத்துவம் ‘ஏஜெனிசிஸ்’ என்கிறது. கிரேக்கத்தில் ‘ஜெனிசிஸ்’ என்றால் தோற்றம். முன்னொட்டு இன்மையைக் குறிக்கும், நம் ‘அநீதி’யில் வரும் அகரத்தைப் போல. ‘ஞானப்பல்’ என்ற பெயருக்கும் உலகெங்கும் உறவுகள் இருக்கின்றன. இலத்தீனிலும் அது ஞானத்தின் பல். காத்தான்குடி மதரசாக்களில் ஓதப்படும் அரபு மொழியிலும் அறிவின் பல். ஏறக்குறைய 17 வயதுக்குப் பின், அறிவு முதிரும் பருவத்தில் முளைப்பதால் வந்த பெயர். மலாய் மொழியிலோ அது கடைக்குட்டிப் பல். உடற்கூற்றியல் அதை மூன்றாம் கடைவாய்ப்பல் என்று எண்ணிட்டு அழைக்கும்.

ஏஜெனிசிஸைப் ‘பிறவிப் பல்லின்மை’ என்று எழுதுவோர் உண்டு. மற்றப் பற்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஞானப்பல்லின் கருவோ குழந்தை பிறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் உருவாகத் தொடங்குகிறது. ஆகவே பிறக்கும்போது அந்தப் பல் எவருக்குமே இல்லை. ‘உருவாகாமை’ என்பதே சரி. சிக்கிக் கிடப்பதற்குப் ‘புதைபல்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த கரையில் இந்த அளவு சொற்கவனமாவது நமக்கு வேண்டும்.

சொல் தெளிவானால், ஆண் பெண் வேறுபாடு பற்றிய செய்தியையும் பிழையின்றிப் படிக்கலாம். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பீட்டின்படி, உலகில் ஏறக்குறைய 23 சதவீதமானோருக்கு ஒரு ஞானப்பல்லாவது உருவாவதில்லை. இந்த வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு 14 சதவீதம் அதிகம். நூறு பெண்களில் 14 பேருக்கு இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. நூறு ஆண்களில் 20 பேருக்கு உருவாகவில்லை என்றால், நூறு பெண்களில் 22 அல்லது 23 பேருக்கு உருவாகியிருக்காது. அவ்வளவே வித்தியாசம், சில மக்கட் குழுக்களில் அதுவும் தென்படுவதில்லை. கீழ்த்தாடையைவிட மேல்தாடையிலேயே இது கூடுதலாக நிகழ்கிறது.

காரணம் முழுமையாக நிறுவப்படவில்லை. பல் வளர்ச்சியை வழிநடத்தும் மரபணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெண்களின் பற்களும் தாடையும் சராசரியாகச் சற்றுச் சிறியவை என்பதையும் ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது: வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் முளைக்கும் மிகைப்பற்கள் ஆண்களிடமே அதிகம். ஆகவே, ஞானப்பல் இல்லாத ஒரு பெண்ணின் தாடையில் குறை தேட வேண்டியதில்லை. அவருடைய மருத்துவக் குறிப்பில் ‘முளைக்கவில்லை’ என்று எழுதாமல், எக்ஸ்ரேயில் கண்டபடி ‘உருவாகவில்லை’ என்றே எழுதலாம்.