ரூப்ரிக்: காவி மண்ணில் பிறந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ரூப்ரிக். மாணவரின் செயல்திட்டத்துக்கு ரூப்ரிக், வாசிப்புத் திறனுக்கு ரூப்ரிக், ஆசிரியரின் கற்பித்தலுக்கும் ரூப்ரிக். இதை மதிப்பெண் பட்டியலுக்கு இன்னொரு பெயர் என்றே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மதிப்பெண் பட்டியலில் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை வாங்கிய வேலை எப்படி இருக்கும் என்று சொல்லால் எழுதிக் காட்டுவதுதான் ரூப்ரிக்.

இந்த வேறுபாடு எனக்கு வீட்டிலேயே தெரிந்தது. அம்மா தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர் பாடக்குறிப்பைப் புரட்டிவிட்டு, பார்வைக் குறிப்பேட்டில் 'கற்பித்தலில் முன்னேற்றம் தேவை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எதில் முன்னேற வேண்டும்? கரும்பலகை எழுத்திலா, கேள்வி கேட்பதிலா, பின்தங்கிய பிள்ளையைக் கவனிப்பதிலா? அம்மா பல நாள் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல ஆளில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் ரூப்ரிகா என்றால் செங்காவி மண். சிவப்பு என்று பொருள்படும் ரூபர் என்ற சொல் அதன் வேர். ரோமானியச் சட்டங்களின் தலைப்புகளைச் சிவப்பில் எழுதினார்கள். அதனால் தலைப்புக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இடைக்காலக் கிறித்தவ வழிபாட்டு ஏடுகளில் ஓத வேண்டிய வரி கறுப்பு மையில் இருக்கும். இங்கே எழுந்து நிற்க, இங்கே மண்டியிட என்ற குறிப்பு சிவப்பு மையில் இருக்கும். மாக்கோலத்தைச் சுற்றிக் காவி இடும் நமக்கு இது அந்நியமாகப் படாது. பிறகு சிவப்பு போய், 'எப்படிச் செய்வது என்ற நெறிக்குறிப்பு' என்ற பொருள் மட்டும் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்வித்துறையில் அது மதிப்பீட்டுக்கான சொல்லாகப் பரவியது.

அரசுப் பள்ளி ஆசிரியர்களை மதிப்பிடுவதில் அங்கே பெரிதும் பயன்பட்டது, கல்வியாளர் சார்லட் டேனியல்சன் 1996இல் வெளியிட்ட கற்பித்தல் சட்டகம். 4 பெரும்பிரிவுகள், அவற்றுக்குள் 22 கூறுகள், ஒவ்வொரு கூறுக்கும் 4 நிலைகள். கேள்வி கேட்பது என்ற ஒரு கூறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒற்றை விடைக் கேள்விகளாகவே அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டு போனால் அது அடிநிலை. மாணவர்களே கேள்வி எழுப்பி, ஒருவர் சொன்னதை இன்னொருவர் வளர்த்து, பேசாதவரையும் பேச்சுக்குள் இழுத்தால் அது உச்சநிலை. இதைப் படிக்கும் ஆசிரியருக்கு நாளைக் காலையில் வகுப்பில் எதை மாற்றலாம் என்று தெரியும். ஆனால் 2009இல் ஒபாமா அரசு 435 கோடி டாலரை மாநிலங்கள் போட்டியிட்டுப் பெறும் நிதியாக அறிவித்தபின், அதைப் பெறப் பல மாநிலங்கள் அவசரமாக ஆசிரியர் மதிப்பீட்டுச் சட்டங்களை மாற்றின. நியூயார்க் 2010இல் இயற்றிய சட்டப்படி ஆசிரியருக்கு 100 புள்ளி. அதில் 40 புள்ளி, மாணவர்களின் அடைவுக்கு. பேச்செல்லாம் புள்ளியைச் சுற்றியே ஆகிவிட்டது. விளக்கம் பின்னால் போனது. அது எனக்கு வருத்தம்தான்.

இந்தியாவில், கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆசிரியருக்கு விதித்த கடமைகளையும் கருத்தில் கொண்டு, தொடக்கநிலை ஆசிரியர்களுக்காக தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவான என்.சி.இ.ஆர்.டி 'பிண்டிக்ஸ்' என்ற செயல்திறன் குறியீடுகளை உருவாக்கியது. அதிலும் 1 முதல் 4 வரை நிலைகள் உண்டு.

தமிழில் இதை 'அளவுகோல்' என்று எழுதுகிறார்கள். அது போதாது. அளவுகோல் எதை அளக்கிறோம் என்று சொல்லும். ஒவ்வொரு அளவும் எப்படி இருக்கும் என்று சொல்லாது. 'கட்டளைக்கல்' அழகான சொல். 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறது குறள். ஆனால் அது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். சோதிப்பதைக் காட்டுகிறது, படிகளைக் காட்டவில்லை. படிகளுக்குத் 'தரம்' இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தை வகைப்படுத்திய சொல் அது. தரம் போடாத நிலம் 'தரமிலி'. இன்றும் கிராமக் கணக்கில் மண் தரம் உண்டு. இலங்கையில் வகுப்பையே தரம் என்கிறார்கள். எனவே ரூப்ரிக்குக்கு என் பரிந்துரை 'தரநிலை விளக்கம்'. 'தரவிளக்கம்' என்று சுருக்கினால் 'தரவு விளக்கம்' என்று காதில் விழுந்துவிடும், அதனால் வேண்டாம்.

சொல் புதிது, பொருள் நமக்குப் பழையது. 13ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல் (தராசு), மலர் என்ற நான்கு உவமைகளைச் சொல்கிறார். அப்புறம், ஆசிரியர் ஆகாதவருக்கும் நான்கு. கழற்சிக்காய் நிரப்பிய குடம், போட்ட வரிசையில் திருப்பித் தராது; முறையில்லாமல் பாடம் சொல்பவர் அது. மடற்பனையில் பழம் தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க முடியாது. கேட்டால் சொல்லித் தராதவர். பருத்திக் குண்டிகை என்ற குடுவையில் பஞ்சை அடைப்பதும் சிரமம், எடுப்பதும் சிரமம். அரிதாகக் கற்று, எளிதாகச் சொல்லித் தராதவர். முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை, ஒருவர் ஊற்றிய நீரில் வளர்ந்து அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும். தன்னை வழிபட்டவரை விட்டு மற்றவருக்குக் கற்பிப்பவர். குறை இன்னது என்று பெயர் வைத்துச் சொல்லியிருக்கிறார். ஒன்றுதான் அதில் இல்லை: இரண்டு முனைகள் உண்டு, நடுப்படிகள் கிடையாது. குடத்திலிருந்து நிறைகோலுக்கு ஓர் ஆசிரியர் எந்தப் படிகளில் ஏறுவார் என்பதை, தரநிலை விளக்கம் எழுத உட்காரும் நாம்தான் எழுத வேண்டும்.