கிட்டப் போனால் படம் ஏன் மங்குகிறது?

செவ்வரத்தம்பூவைப் படம் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் செய்வது போனைப் பூவுக்குள் கொண்டுபோய் வைப்பதுதான். வரும் படத்தில் இதழின் நரம்புகள் அழகாகத் தெரியும். முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டும் அதன் மஞ்சள் மகரந்தமும், நுனியிலுள்ள ஐந்து சிவப்புப் பொட்டுகளும் பஞ்சாகக் கரைந்திருக்கும். உடனே 'கமரா சரியில்லை' என்ற தீர்ப்பு. கமராவில் பிழை இல்லை. கமராவால் பார்க்க முடியாத தூரத்துக்குள் பூவின் தண்டு வந்துவிட்டது. பின்னால் இருக்கும் இதழ்தான் அதற்கு எட்டுகிற முதற்பொருள், அதைப் பிடித்துக்கொண்டது.

கோயில் திருவிழாவில் கட்டும் ஒலிபெருக்கியும் போன் கமராவும் ஒரே பொறிமுறையில்தான் இயங்குகின்றன. ஒலிபெருக்கியில் காந்தத்துக்கு நடுவே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் நகர்ந்து கூம்பை அதிரவைக்கும். போனில் அந்தக் கூம்பின் இடத்தில் லென்ஸ் தொகுதி இருக்கிறது. திரையில் நீங்கள் விரலால் தொட்டதும் சுருளுக்கு மின் போகிறது, லென்ஸ், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சரை விட்டுச் சற்று விலகி வெளியே வருகிறது, கிட்டவுள்ள பொருள் தெளிகிறது. எவ்வளவு விலகுகிறது என்று கணக்குப் பார்த்தால் வியப்பாக இருக்கும். லென்ஸின் குவியத்தூரம் 5 மில்லிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். வானத்து நிலவைப் பார்க்கும்போது லென்ஸ் சென்சரிலிருந்து 5 மில்லிமீற்றரில் நிற்கும். 10 சென்ரிமீற்றரில் உள்ள பூவைப் பார்க்க 5.26 மில்லிமீற்றருக்குப் போகவேண்டும். ஆக மொத்த நடையே கால் மில்லிமீற்றர். 5 சென்ரிமீற்றரில் உள்ள பொருளுக்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் நகரவேண்டும்; போனின் தடிப்புக்குள் அவ்வளவு இடம் பெரும்பாலும் விடப்படுவதில்லை.

விலைகூடிய போன் கிட்டப் பார்ப்பதில் சிலவேளை பின்தங்குவதற்கும் இதுவே காரணம். அதிலுள்ள பெரிய சென்சருக்குப் பெரிய குவியத்தூரம் தேவை. 7 மில்லிமீற்றர் லென்ஸ் 10 சென்ரிமீற்றரில் தெளிவாகப் பார்க்க ஏறத்தாழ 0.53 மில்லிமீற்றர் நகரவேண்டும், அதாவது முன்னையதைப்போல் இரண்டு மடங்கு. அதே கால் மில்லிமீற்றர் நடைதான் கிடைக்குமென்றால் அது 20 சென்ரிமீற்றரிலேயே நின்றுவிடும். இரவுப் படத்துக்கு உதவும் பெரிய சென்சர் பூவுக்கு முன்னால் உங்களை ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளிவிடுகிறது.

இந்தக் கம்பிச் சுருளும் காந்தமும் நுட்பமானவை. மோட்டார் சைக்கிள் இயந்திரத்தின் அதிர்வு கமராவைப் பழுதாக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்தது. கைபிடியில் போனைப் பூட்டிக்கொண்டு குன்றும் குழியுமான ஒழுங்கைகளில் ஓடுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைப்பது நல்லது. காந்தம் வைத்த போன் உறைகளும் காந்தத்தால் ஒட்டும் லென்ஸுகளும்கூடச் சில போன்களில் குவியத்தைக் குழப்பும். படம் காரணமில்லாமல் மங்கினால் முதலில் உறையைக் கழற்றிவிட்டு ஒருதடவை எடுத்துப் பாருங்கள்.

உங்கள் போனின் எல்லை எது?

ஓர் அடிமட்டமும், சிறிய எழுத்து அச்சிட்ட மருந்துப் பெட்டி ஒன்றும் போதும். அடிமட்டத்தை மேசையில் கிடத்தி, பூச்சியக் கோட்டில் போனின் முதுகு நிற்கும்படி போனை நிமிர்த்திப் பிடியுங்கள். மருந்துப் பெட்டியை 30 சென்ரிமீற்றரில் நிறுத்தி, காலாவதித் திகதியைத் திரையில் தொட்டு ஒரு படம் எடுங்கள். பிறகு பெட்டியை ஒவ்வொரு சென்ரிமீற்றராகக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறையும் திரையைத் தொட்டே எடுக்கவேண்டும். படங்களைப் பெருப்பித்துப் பார்க்கும்போது எந்தத் தூரத்தில் எழுத்தின் விளிம்பு முதன்முதலாக இளகுகிறதோ, அதற்கு 2 சென்ரிமீற்றர் பின்னால்தான் நீங்கள் இனி நிற்கவேண்டிய இடம். அந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்தாலே பாதிப் படங்கள் திருந்திவிடும்.

இந்தச் சோதனையில் ஒரு கள்ளத்தனம் நடக்கலாம். கிட்டப் போனதும் படம் சடாரென்று ஒருபக்கம் துள்ளி, மீண்டும் தெளிவாகத் தெரிந்தால், போன் உங்களைக் கேட்காமலே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். எந்த லென்ஸ் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். எதை மூடும்போது திரை இருள்கிறதோ அதுதான் வேலை செய்கிறது. 2021இல் வந்த ஐபோன் 13 புரோ இப்படித்தான் 2 சென்ரிமீற்றர்வரை கிட்டப் பார்க்கிறது. அப்போது திரையின் மூலையில் ஒரு சிறிய பூ அடையாளம் தோன்றும், அதைத் தொட்டால் மாற்றம் நின்றுவிடும். வேறு பல உயர்ரகப் போன்களிலும் இந்த மாற்றத்தை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. 2 சென்ரிமீற்றர் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தத் தூரத்தில் போனின் நிழலே பொருளை மூடிவிடும், சென்சரும் பிரதான கமராவினதைவிடச் சிறியது. நிழல் விழாத இடத்தில், தட்டையான பொருளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

மலிவான போன்களில் 'மக்ரோ' என்று தனியாகப் பொருத்தியிருக்கும் 2 மெகாபிக்சல் கமராவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அதன் குவியம் பெரும்பாலும் 4 சென்ரிமீற்றரில் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். 3 சென்ரிமீற்றரிலும் மங்கும், 6இலும் மங்கும். திரையைத் தொட்டால் வெளிச்சம் கூடிக் குறையுமே தவிர லென்ஸ் அசையாது. அதே போனின் 50 மெகாபிக்சல் பிரதான கமராவால் 10 சென்ரிமீற்றரில் எடுத்து நடுப்பகுதியை வெட்டினால் கூடுதல் விபரம் கிடைக்கும்.

பின்னே நின்று பெருப்பிப்பதுதான் பொதுவாக வெல்லும் வழி. 48 அல்லது 50 மெகாபிக்சல் சென்சர் உள்ள பல போன்களில் 2 மடங்கு பொத்தானை அழுத்தினால், சென்சரின் நடுவிலுள்ள ஏறத்தாழ 12 மெகாபிக்சலை அப்படியே எடுத்துத் தருகிறது. அங்கே செயற்கையாக ஊதிப் பெருப்பிக்கும் வேலை குறைவு. 5 மடங்கு, 10 மடங்கு என்று போகும்போதுதான் படம் மாக்கட்டியாகிறது. அடையாள அட்டை, காணி உறுதி, மருந்துச் சிட்டை போன்றவற்றை எடுக்கும்போதும் இதே முறைதான்: 30 சென்ரிமீற்றர் பின்னே நின்று 2 மடங்கு. கை நிழலும் விழாது, ஓரங்களும் வளையாது.

நகைக்கடைக் கண்ணாடி

அதற்கும் மேலே போகவேண்டுமென்றால் கமராவுக்கு முன்னால் இன்னொரு லென்ஸ் வேண்டும். வீட்டிலுள்ள வாசிப்புக் கண்ணாடியை வைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். அது பெரிதாக உதவாது. 10 சென்ரிமீற்றர்வரை கிட்டப் பார்க்கும் போனுக்கு முன்னால் 2.5 பவர் கண்ணாடியை வைத்தால் எல்லை 8 சென்ரிமீற்றருக்கு வரும், அவ்வளவுதான். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் கண்ணருகே பிடித்துக் கல்லைச் சோதிக்கும் 10 மடங்கு உருப்பெருக்கிதான் உண்மையான பாய்ச்சல். அதன் குவியத்தூரம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். மூன்று கண்ணாடிகளை ஒட்டிச் செய்த தரமான ஒன்றாக இருந்தால் ஓரங்களில் நிறம் பிரியாது. சந்தையில் கிடைக்கும் கிளிப் லென்ஸும் இதே வேலையைச் செய்கிறது.

கமராத் துளையின் நடுவும் உருப்பெருக்கியின் நடுவும் நேராக வரவேண்டும். 2 மில்லிமீற்றர் விலகினாலே படத்தின் ஒருபக்கம் இருண்டுவிடும் அல்லது இழுபடும். தடித்த உறைக்கு மேல் கிளிப்பைக் கவ்வினால் அது சரிந்துதான் நிற்கும். பழைய மெல்லிய உறை ஒன்றில் இரட்டைப் பக்க நாடாவால் உருப்பெருக்கியை ஒட்டி, தேவைப்படும்போது மட்டும் போனுக்கு மாட்டுவது நல்லது.

இனித் திரையைத் தொடுவதால் பெரிய பலனில்லை. உருப்பெருக்கி போட்ட போன் தன் முழு வீச்சையும் பயன்படுத்தினாலும் 25 மில்லிமீற்றரிலிருந்து 20 மில்லிமீற்றர்வரை உள்ளவற்றைத்தான் தெளிவாகக் காட்டும். தெளிவின் ஆழமோ அதைவிட மோசம். உருப்பெருக்கி இல்லாமல் 10 சென்ரிமீற்றரில் எடுக்கும்போது முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தெளிவாக இருக்கும். உருப்பெருக்கியோடு அது 0.2 மில்லிமீற்றராகச் சுருங்கும், கடதாசி இரண்டு தாளின் தடிப்பு. ஆகவே குவியத்தைப் பூட்டிவிடுங்கள். பல போன்களில் திரையை 2 செக்கன் அழுத்திப் பிடித்தால் பூட்டப்படும். பிறகு முழங்கைகளை ஏதாவதொன்றில் ஊன்றி, மூச்சை அடக்கி, உடலை மட்டும் மிக மெல்ல முன்னே சாய்த்தபடி தொடர்ச்சியாக இருபது படங்கள் எடுங்கள். ஒன்றிரண்டு தேறும்.

தேறிய படத்தில் என்ன தெரியும்? செவ்வரத்தையின் மகரந்த மணி ஒன்றின் விட்டம் 0.1 மில்லிமீற்றருக்கு மேல். பூக்களில் இது பெரிய மணி. ஒரு பிக்சல் 1 மைக்ரோமீற்றர் என்றால், 10 சென்ரிமீற்றரிலிருந்து எடுத்த படத்தில் அந்த மணிக்கு ஐந்தாறு பிக்சல்தான் கிடைக்கும், வெறும் மஞ்சள் புள்ளி. உருப்பெருக்கியோடு இருபதுக்கு மேல் கிடைக்கும். அப்போது அது உருண்டை என்பதும், மேலெல்லாம் முள் இருப்பதும் தெரியத் தொடங்கும். முசுறு எறும்பை இப்படி எடுக்க முயல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 25 மில்லிமீற்றர் என்பது முசுறு போனில் ஏறுவதற்கும் போதுமான தூரம்.

காற்றும் வேலியும்

சோளகம் வீசும் மாதங்களில் பூவைப் படம் எடுப்பது பெரும்பாலும் வீண்முயற்சி. பூ செக்கனுக்கு 5 சென்ரிமீற்றர் வேகத்தில் மெல்ல ஆடுகிறது என்று வையுங்கள். 60இல் ஒரு செக்கனுக்குத் திறக்கும் கமராவில் அது 0.8 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும், 10 சென்ரிமீற்றரில் அது 40 பிக்சல் இழுபடல். 1000இல் ஒரு செக்கனில் இரண்டு மூன்று பிக்சல்தான். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் புரோ முறையில் இந்தத் திறக்கும் வேகத்தைக் கூட்டலாம். அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். காலை ஏழு மணிக்கு முன் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அப்போதும் ஆடினால் காம்பை ஒரு ஈர்க்கோடு சேர்த்து உடுப்புக் கிளிப்பால் கவ்விவிடுங்கள்.

கிடுகு வேலிக்கு முன்னால் கட்டிய சிலந்திவலையை எடுக்கப்போனால் போன் வேலியைத்தான் பிடிக்கும். குவியம் தேடும் பெட்டிக்குள் சிலந்தி நூல் ஒரு மயிரளவு, மிச்சமெல்லாம் கிடுகின் கோடுகள். கோடு அதிகமுள்ள பக்கம் போன் போவது இயற்கை. வலைக்குச் சரியாக அருகில், அதே தூரத்தில் ஒரு விரலை அல்லது ஓலைத் துண்டை நீட்டி, அதில் குவியத்தைப் பூட்டி, கையை எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

பிளாஷ் வேண்டாம். கிட்டவுள்ள பொருளில் அது ஒருபக்கம் வெளுக்கவைக்கும், மறுபக்கம் போனின் நிழல் விழும். நடுப்பகல் வெயிலும் அப்படித்தான். மாமர நிழலில், வெயில் வரும் பக்கத்துக்கு எதிராக ஒரு ரெஜிபோம் தட்டைச் சாய்த்து வைத்தால் நிழல் மென்மையாகும். லென்ஸைச் சாரத்தின் தலைப்பால் துடைப்பதையும் விடவேண்டும். வலிகாமத்துச் செம்மண் தூசியும் கடற்கரை உப்பும் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரத்தாள்போல வேலை செய்யும். முதலில் ஊதி, பிறகு மூக்குக்கண்ணாடித் துணியை இலேசாக நனைத்துத் துடையுங்கள். கமராவுக்கு மேல் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி கீறியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள்.

மென்மையான வெளிச்சம் பொருந்தாத பொருட்களும் உண்டு. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழும் முன் இங்கு வழங்கிய சேது நாணயங்களில் படுத்திருக்கும் நந்தியும் அதன் கீழ் 'சேது' என்ற எழுத்தும் உண்டு. தேய்ந்த நாணயத்தை மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எடுத்தால் வெறும் செம்புத் தட்டுத்தான். பளபளப்பாக்கலாமென்று புளி போட்டுத் தேய்க்கிறவர்கள் மிஞ்சிய எழுத்தையும் அழித்துவிடுகிறார்கள். இருண்ட அறையில் நாணயத்தைக் கறுப்புத் துணியில் வைத்து, ஒரு ரோச் லைற்றை மேசை மட்டத்திலிருந்து 15 பாகை மட்டும் உயர்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். அரை மயிர் உயரமுள்ள மேடுகூட நீண்ட நிழல் போடும். மை அழிந்த ஏட்டுச்சுவடியில் எழுத்தாணிக் கீறல்களைப் படம் பிடிக்கவும் இதே உத்திதான். போனை அசைக்காமல் ரோச்சை மட்டும் நான்கு பக்கமும் மாற்றி நான்கு படங்கள் எடுங்கள். ஒரு படத்தில் நந்தியின் திமில் எழும்பும். இன்னொன்றில்தான் 'சே'யின் கொம்பு தெரியும்.